ஆக்சிஜன் மெஷின் மேல ஈரத்துண்டு

வெள்ளிக்கிழமை, கடலூர்

அம்மாவைத் திட்டியிருக்க வேணாம். சாயந்திரம் சிதம்பரத்துலேந்து வந்தா, அப்பாவோட ஆக்சிஜன் மெஷின் மேல சொட்டச் சொட்ட ஈரத்துண்டு. "சூடாவுதேன்னு ஒரு வாரமா போடுறேன்டி"ன்னாங்க.

மெஷினுக்குள்ள இருக்கிறது ஜியோலைட் உருண்டைங்க. காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு ஆக்சிஜனை மட்டும் வெளிய விடும். ஈரம் குடிச்சா அதால எதையும் பிடிக்க முடியாது. சிதம்பரத்துல நான் வேலை பாக்குற லேப்புல தினமும் அதே உருண்டையை ஓவன்ல காயவெச்சுட்டுத்தான் தொடுறேன். வீட்டுல ஒரு வார்த்தை சொன்னதில்ல.

திருப்பாதிரிப்புலியூர் போய் வாடகை சிலிண்டர் கொண்டாந்து மாட்டிட்டேன். அப்பா தூங்குறாரு. எனக்குத்தான் தூக்கம் வரல.

இந்த வாரம் பூரா அப்பாகிட்ட போன்ல கேட்டேன். "காத்து நல்லாத்தான் வருதும்மா"ன்னாரு.

வந்திருக்கு. வெறும் காத்து.