வண்டிக்காரன் மகன் போட்ட கோல்

12-8-1984, ஞாயிறு

மெட்ராஸ் டிவியில் இன்று கால்பந்து ஆட்டத்துக்கு என் பேரன் சேகர்தான் வர்ணனை. குடியாத்தத்தில் பாதி ஜனம் எங்கள் கூடத்தில்தான். ஜமீன் வீட்டுக் குரல் என்று எனக்குத் தலை நிமிர்ந்தது.

எங்கள் வண்டிக்காரன் முனுசாமி வழக்கம்போல் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் மகன் ரவி கோல் போட்டான். கூடமே கத்தியது.

"இவர் எங்கள் ஜமீன் வண்டிக்காரன் மகன்!" என்று சேகர் பெருமையாகச் சொன்னான்.

முனுசாமி எழுந்தான்.

"ஏன் முனுசாமி, ஆட்டம் முடியலையே?" என்று கேட்டேன்.

"ரவின்னு பேரு வச்சிருக்கேனேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆட்டம் முடிந்ததும் சேகர் போன் பண்ணினான். "ஆயா, எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுப்பா" என்றேன். அப்படிப் பேசக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

விடிந்ததும் நானே முனுசாமி வீட்டுக்குப் போக வேண்டும். முப்பது வருஷம் எங்கள் வண்டியை ஓட்டியவர். வீடு எந்தத் தெருவில் என்று யாரைக் கேட்பது?