வாளி சொட்டும் இடம் வரை

ஜூன் 3, 2024, திங்கள்
வட்டகொடை மலைகளின் ஒலிச் சக்கரவர்த்தியாகிய நான் இன்று ஒரு நசுங்கிய வாளியைக் கைப்பற்றினேன். கூரைத் தகரத்து மழை அதில் சொட்டுகிற சத்தத்துக்கு மூவுலகிலும் ஈடில்லை. போனில் பதிந்தாயிற்று. ஏற்கெனவே இருப்பவை: தேயிலைப் பெக்டரிச் சங்கு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசின் முனகல், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகள் இரண்டு உரசுவது, உடப்புசல்லாவை பஸ் ஏற்றத்தில் மூச்சு வாங்குவது. எல்லாம் கோத்து இருபது நிமிடம். பாட்டுமில்லை, தாளமுமில்லை. சத்தம் மட்டும்.

தகரத்தைக் கொலை செய்கிறேனா என்று அழகம்மா அடுத்த காம்பராவிலிருந்து விசாரித்தாள். லயத்து வரிசை வீடுகளில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. நான் தும்மினால் அவள் வீட்டு விளக்கு அணையும்.

ஜூன் 5
கொழும்பிலிருக்கும் அக்கா மகள் நிலக்ஷிக்கு அதை அனுப்பினேன். கேத்தல் கொதிக்குமுன் பதில் வந்துவிட்டது: "சூப்பர் மாமா." இருபது நிமிடத்தை அதற்குள் எப்படிக் கேட்டாள்?

ஒரே ஒரு ஆள் முடிவுவரை கேட்டால் போதும். தினமும் ராச்சாப்பாட்டுக்குப் பிறகு நானே போட்டு, நானே கேட்டு, நானே கைதட்டுகிறேன்.

ஜூன் 11
கோயில் கமிட்டி கஜேந்திரனிடம் கெஞ்சி ஒலிபெருக்கி வாங்கிவிட்டேன். மனிதர்கள் கேட்காவிட்டால் போகட்டும். நாளை மலை கேட்கும்.

ஜூன் 12
மலை கேட்டது. கேட்டு, இறங்கியே வந்துவிட்டது.

என் படைப்பில் சங்கு ஊதியது காலை பத்து மணிக்கு. பகல் சாப்பாட்டுச் சங்கு என்று நினைத்து, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பாதிக் கூடையோடு மடுவத்துக்கு வந்து நின்றார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு எல்லோருக்கும் அரைப் பேர் போட்டார். பாதி நாள் சம்பளம் போச்சு. அழகம்மாவுக்கும்தான்.

நாப்பது வருஷமா அந்தச் சங்குக்கு ஏறி எறங்குற சனம். இது ஏன் எனக்குத் தோணல?

ஜூன் 13
கஜேந்திரன் ஒலிபெருக்கியைத் தூக்கிப் போய்விட்டார். "மாமா, ஒங்க கச்சேரிக்கு ஒரு கும்புடு" என்றார். மன்னிப்புக் கேட்க அழகம்மா வாசலுக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 16
மழை. வாளி நிறைந்து வழிந்தது. போனை எடுக்கவில்லை.

ஜூன் 19
ராத்திரிக் கச்சேரியை நிறுத்தி ஒரு வாரம். இப்போது சுவருக்கு மேலே எதுவும் வருவதில்லை. திட்டுகூட இல்லை. அவ திட்டுனா பரவால்லயே. சக்கரவர்த்தி ஒரு கோப்பை தேத்தண்ணியைக் குடிக்கிற சத்தம் இவ்வளவு பெரிசா இருக்கும்னு எனக்குத் தெரியாது. அதைக்கூடப் பதியத் தோன்றவில்லை.

ஜூன் 22
சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலே குரல்.

"அண்ணே."

தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"பத்து நாளா ஒண்ணையும் காணோம். அந்த வாளி சொட்டுற எடம் வரைக்குமாச்சும் போடுங்க. அது இல்லாம கண்ணு சொருக மாட்டேங்குது. சங்கு மட்டும் வேணாம்."

சங்கை வெட்டினேன். மிச்சத்தைப் போட்டேன். தராசு முனகியது, கத்திகள் உரசின, பஸ் ஏறியது. வாளி சொட்டத் தொடங்கி நாலைந்து சொட்டு விழுவதற்குள் சுவருக்கு மேலே குறட்டை வந்தது. ஆக, இவளும் முடிவுவரை கேட்டதில்லை.

சத்தமில்லாமல் பெஞ்சில் ஏறி, போனைச் சுவர்மேல் வைத்து, பதிய ஆரம்பித்தேன்.