நீ அனுப்பிய நீலக் கோட்டு

என் செல்லக் குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். அடுத்தபடியாக உன் நலம் அறிய ஆவல் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன் பார், அதுதான் மேலே இருக்கும் கிறுக்கல். உன் நலம் எனக்குத் தெரிந்துபோயிற்று, அதனால் அடித்தேன். மூன்று வாரமாக நீ ஃபோனை எடுக்கவில்லை. எடுத்தால் மட்டும் என்ன, "நல்லா இருக்கேம்மா, வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுவாய், அதற்குள் நான் கேட்க நினைத்தது எனக்கே மறந்துபோகும். கடிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட முடியாது இல்லையா, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். திட்டுவதற்காக எழுதவில்லை, பயப்படாமல் படி. கோபமெல்லாம் என்மேல்தான்.

சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டை அவிழ்த்ததும் முதல் வேலையாக என்னைப் பார்த்து, "அக்கா, நீ எப்ப இவ்வளவு கிழவியானே?" என்று கேட்டாள். அவளுக்கு வாயில் செய்ய வேண்டிய ஆபரேஷனைக் கண்ணில் செய்துவிட்டார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, உட்கார்ந்து இஸ்திரி போடுங்கள் என்றால் கேட்பதில்லை, நின்று போட்டால்தான் மடிப்பு நிற்கும் என்று பிடிவாதம். வேலை போன புதிதில் பழைய துணி வியாபாரமா என்று முகம் சுளித்த மனிதர், போன மாதம்வரை இஸ்திரி இலாகா மேனேஜர் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். முன் அறை முழுவதும் மூட்டைதான், உட்கார இடமில்லை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பை ஆணியடித்து, அதன்முன் ஒவ்வொரு உடுப்பாக மாட்டிக் காலை வெளிச்சத்தில் படம் எடுத்து ஆன்லைனில் போடுவது நான், கறை எடுப்பதும் துவைப்பதும் நான், இஸ்திரியும் பார்சலும் அப்பா. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லவேண்டியதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் சுற்றி வரவேண்டியிருக்கிறது.

இரண்டு வருஷமாக ஊரார் துணியைக் கையாண்டதில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. துணியைப் பார்த்தே போட்டவரைச் சொல்லிவிடுவேன். முழங்கைப் பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தால் நாற்காலி உத்தியோகம். வயிற்றுக்கு நேராகப் பொட்டுப் பொட்டாக எண்ணெய் இருந்தால் அடுப்படியில் நின்று அவசரத்தில் ஆபீசுக்குக் கிளம்புகிறவள். பட்டனை வேறு நிற நூலில் கன்னாபின்னாவென்று தைத்திருந்தால் தனியாக இருக்கிற ஆண்பிள்ளை. "நீ துணி வெளுக்கறியா, ஜோசியம் பார்க்கறியா?" என்று அப்பா கிண்டல் செய்வார். பைக்குள் கை விட்டுப் பார்க்காமல் எதையும் வாளியில் போடமாட்டேன். பஸ் டிக்கெட்டும் மிட்டாய்த் தாளும் தினமும் வரும், ஒரு தடவை பாதிப் பல்செட் வந்தது. அதை யாருடையதென்று விசாரித்து அனுப்பிவைத்தோம், பாவம் அந்த மனிதர் எப்படிச் சாப்பிட்டாரோ.

போன வருஷம் நீ முதல் பையை அனுப்பினாயே, உன் சிநேகிதியின் அண்ணன், கப்பலில் வேலை பார்க்கிற அந்தத் தம்பி கையில், உன்னோடு வேலை பார்ப்பவர்கள் வேண்டாமென்று கழித்த துணி என்று சொல்லி. இரண்டே நாளில் அத்தனையும் போயிற்று. வெளிநாட்டுத் துணி என்றால் படம் போட்ட கையோடு கேட்கிறார்கள். எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது குட்டி. இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன், அனுப்பினாய். மறுபடியும் கேட்டேன். மூட்டைக்காரர் வந்தபோது "இனிமே உங்க சரக்கு வேணாம், எம் பொண்ணே அனுப்பறா" என்று பீற்றிக்கொண்டேன். ஒரு மாதம் பை வரவில்லையென்றால், மறந்துட்டியா என்று நான்தான் உனக்கு மெசேஜ் அனுப்பினேன், அது என் ஃபோனில் இன்னும் இருக்கிறது, தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

இனி சொல்லப்போவதை உன்னிடம் மட்டும்தான் சொல்லமுடியும். மூன்றாவது பையிலிருந்து வந்த சட்டைகளில் எல்லாம் இடது தோளில் மட்டும் நூல் தேய்ந்திருந்தது. புத்தகப் பையை வலது தோளில் மாட்டு, எலும்பு கோணிக்கொள்ளும் என்று பத்து வருஷம் கத்தியவளுக்கு அது யார் தோள் என்று தெரியாதா? ஸ்கர்ட்டுகளில் இடுப்புப் பட்டியில் ஊக்கு குத்திப் பிடித்த ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொரு பையில் வந்ததிலும் அந்த ஓட்டை முன்னதைவிட ஒரு விரல் உள்ளே தள்ளி இருந்தது. போட்டவள் மெலிந்துகொண்டே போகிறாள் என்று அந்தத் துணி எனக்குச் சொன்னது. அதைக் கேட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா. ஓட்டைமேல் தண்ணீர் தெளித்து, நகத்தால் நூலை நகர்த்திவிட்டு, அப்பாவை அழுத்தி இஸ்திரி போடச் சொல்லி, புத்தம் புதிது போல என்று எழுதி விற்றேன். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பொய். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தேன்.

கடைசியாக அந்த நீலக் கோட்டு வந்தது. அங்கே கொட்டுகிற குளிர் என்று கப்பல்காரத் தம்பியே சொன்னார். கோட்டைக் கொடுத்துவிட்டு இவள் எதைப் போட்டுக்கொள்வாள் என்று நினைப்பதற்குள், புதுசு வாங்கிட்டேம்மா என்று நீ எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்தேன், அப்படியே நம்பினேன், நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. கம்பளியை நனைக்க வேண்டாமென்று தூசி மட்டும் தட்டி வைத்தேன், அதன் பைக்குள் மட்டும் கை விடவில்லை. உன்னுடையது என்று மனதுக்குள் தெரிந்ததால்தானோ என்னவோ. ஊரார் பையைத் துழாவலாம், பெற்ற பெண்ணின் பையைத் துழாவுவது தப்பு என்று அன்றைக்குப் பார்த்து எனக்கு மரியாதை வந்துவிட்டது. மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் அதை வாங்கினாள். நாலு நாள் கழித்து அவளிடமிருந்து மெசேஜ், "உள்பாக்கெட்ல ஒரு அட்டை இருந்துச்சுங்க, யாருக்காவது வேணுமோன்னு படம் அனுப்பறேன்" என்று. மஞ்சள் அட்டை. மேலே உன் பெயர், உன் கையெழுத்தில். கீழே முப்பது கட்டம், இருபத்தாறில் சிவப்பு முத்திரை. எழுதியிருந்தது என்னவென்று ஃபோனிலேயே மொழிமாற்றிப் பார்த்தேன். இலவச உணவு, ஒரு நாளைக்கு ஒரு வேளை, அட்டை இல்லாதவர்கள் வரிசையில் நிற்கக் கூடாது.

அப்பாவிடம் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். "நம்ம பொண்ணு எழுத்துதானா, நல்லாப் பார்த்தியா?" என்று இரண்டு தடவை கேட்டார். அன்றிலிருந்து தட்டை முன்னால் வைத்தால் தள்ளிவிடுகிறார், நீங்கள் தள்ளினால் அது அவளுக்குப் போய்ச் சேருமா என்று நான் கத்துகிறேன், எனக்கும் இறங்குவதில்லை. உனக்கு எப்போது வேலை போயிற்று, எங்கே படுக்கிறாய், ஒன்றும் தெரியவில்லை. கப்பல்காரத் தம்பியைக் கேட்டால், "துறைமுக வாசல்ல பையைக் குடுத்துட்டு உடனே போயிடுவாங்க ஆன்ட்டி, கொஞ்சம் இளைச்ச மாதிரி இருந்தாங்க" என்கிறார். கோட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நர்ஸிடம் கெஞ்சினேன். "எனக்கும் வேற இல்லைங்க, விடியக்காலை டியூட்டிக்கு அதைத்தான் போட்டுக்கிட்டுப் போறேன்" என்றாள், அதற்குமேல் எந்த வாயால் கேட்பது. நல்ல பெண், அட்டையை மட்டும் தபாலில் அனுப்பினாள்.

நீ புறப்பட்டு வந்துவிடு என்று எழுதத்தான் ஆசை. டிக்கெட் எடுத்து அனுப்ப இங்கே வழியில்லை, கேட்கிற இடமெல்லாம் கேட்டாயிற்று, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பெற்றவள் இதைச் சொல்லலாமா என்று இருக்கிறது, ஆனால் இந்தக் கடிதத்திலாவது உன்னிடம் பொய் சொல்லக்கூடாது. கப்பல்காரத் தம்பி நாளைக்குக் கப்பல் ஏறுகிறார், இதை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். நம் மூட்டையிலிருந்து கனமான ஸ்வெட்டர் மூன்று எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள். அளவு உன் அளவு இல்லை, நீ இப்போது என்ன அளவு என்றும் எனக்குத் தெரியாது. உறைக்குள் அந்த மஞ்சள் அட்டை இருக்கிறது. உனக்கு அம்மாவால் அனுப்ப முடிந்த சாப்பாடு இவ்வளவுதான். தேதி முடிந்திருந்தால் அதைக் காட்டிப் புதிதாக ஒன்று கேள், கொடுக்க மறுத்தால் அங்கேயே நின்று மறுபடியும் கேள். வரிசையில் நிற்க வெட்கப்படாதே குட்டி, வெட்கப்பட வேண்டியவள் நான்.

நீ ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும், வயிறு நிறைய வேண்டும், எங்கள் ஆயுசும் உனக்கே இருக்கட்டும். அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார். ஒரு வரியாவது எழுது, பொய் வேண்டாம். இனிமேல் எங்களுக்கு எதையும் அனுப்பாதே.

உன்னிடமே கேட்டுக் கேட்டு வாங்கிய,
அம்மா