மூடி திறக்காத பாட்டில்

லாயிட்,

என் மஸ்டாங் காரோட பின் அச்சைக் கழட்ட மெக்கானிக் டுவேன் பதினோரு மணிக்கு வருவான். காபி குடுத்துத் திருப்பி அனுப்பிடு. கழட்ட ஒண்ணும் இல்ல.

வளைவுல திரும்பும்போது பின்னாடி கடகடன்னு சத்தம் வந்ததே, அது நீ ரேஸ் ஓட்டினதால இல்ல. போன அக்டோபர்ல பின் அச்சு பல்சக்கரத்துக்கு டிஃபரன்ஷியல் ஆயில் மாத்தினவ நான். அதோட சேர்த்து ஊத்த வேண்டிய சின்ன பாட்டில், மூடிகூடத் திறக்காம பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாடி உக்காந்திருந்துது. காலையில ஊத்திட்டு, சர்ச் பார்க்கிங்ல இருபது தடவை எட்டு போட்டேன். கடைசி ரெண்டு மூணு சுத்துல ஒரு முனகல்கூட இல்ல. அப்பாடா!

பாதிரியார் வெளிய வந்து, "லாயிட் கெடுத்த வண்டி சரியாயிடுச்சா?"ன்னார். ஊர் பூரா நான் சொன்ன லட்சணம் அப்படி. "அவர் இல்ல, நான்தான் கெடுத்தேன்"னேன். அவர்கிட்ட சொல்ல முடிஞ்சுது. உன் முகத்தப் பாத்துச் சொல்லத்தான் வாய் வரல.

ஸ்ட்யூ அடுப்புல இருக்கு. சோபாவுல கிடந்த உன் தலகாணிய உள்ள நம்ம கட்டில்ல எடுத்துப் போட்டுட்டேன்.

ரோண்டா

உனக்குத் தெரியாம ஒளிச்சு வெச்ச கார் சாவி மாவு டப்பாவுல இருக்கு. ஆறு மணிக்கு என் டியூட்டி முடியும், ஆஸ்பத்திரி வாசலுக்கு மஸ்டாங்லயே வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. மெதுவா ஓட்ட வேண்டாம்.