வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வீடு

ஞாயிறு, மதியம்

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நம் வாலுவும் நலமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இங்கே மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். போனில் கூப்பிட்டால் நீங்கள் ‘ம்’ கொட்டுகிறீர்கள். பின்னால் ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் ஓடுகிறது, அது உங்களைவிடக் கொஞ்சம் விவரமாகப் பேசுகிறது. அதனால்தான் கையால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். கையில் இருக்கிற மோட்டார் காயில் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து, முழுசாகப் படிக்கவும். வழக்கம்போல முதல் நான்கு வரியும் கடைசி வரியும் படித்துவிட்டு மூடிவைக்க வேண்டாம்.

வேலையைப் பற்றிக் கவலை இல்லை. பயிற்சி வகுப்புகள் முடிந்துவிட்டன, நாளை திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. பிள்ளைகள் எந்த நாட்டில் இருந்தாலும் பிள்ளைகள்தான். பயிற்சிக்காக எடுத்த வகுப்பில் நான் ஒரு ஆங்கில வாக்கியம் சொன்னால் முன் பெஞ்சு கத்தியது, கடைசி பெஞ்சு வாயை மட்டும் அசைத்தது. என் உச்சரிப்பு தெளிவாக இருக்கிறது என்று தலைமை ஆசிரியை எல்லோர் முன்னாலும் சொன்னார். சத்தியமாக அந்த நிமிஷம் உங்களைத்தான் நினைத்தேன். பத்து வருஷமாக ஒரே பள்ளியில் ஒரே பாடத்தைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய எனக்கு, இப்படி ஒரு வார்த்தை கேட்க ஆசை இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

கவலையெல்லாம் வீட்டைப் பற்றித்தான். பள்ளி அலுவலகத்தில் ஆசிரியர்களுக்கு வீடு பார்த்துத் தருவதற்கென்றே ஒருவர் இருக்கிறார். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து தொங்குகிறது, அவர் வருவதற்கு முன்னாலேயே சத்தம் வந்துவிடும். நான் சாவிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் மூன்று இடம் காட்டினார்.

முதலாவது, பள்ளிக்குப் பின்னாலேயே இருக்கிற ஆசிரியர் குடியிருப்பில் ஒத்தை அறை. ஒரு இரும்புக் கட்டில், ஒரு மேசை, சுவரில் பதித்த அலமாரி. சன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி. சமையலறை பொது, ஒவ்வொரு அடுப்புக்கும் மேலே ஒவ்வொரு டீச்சர் பெயர் ஒட்டியிருக்கிறது. சுத்தமான இடம்தான். ஆனால் அங்கே குடும்பம் தங்கக்கூடாது.

இரண்டாவது, கடைத்தெருவில் ஒரு மாடி வீடு. இரண்டு படுக்கையறை. படியில் வெளிச்சம் கம்மி, குழாய் கொஞ்சம் அழுகிறது, அதெல்லாம் உங்களுக்கு ஒரு மணி நேர வேலை. சின்ன அறையின் சன்னல் வாலுவின் உயரத்துக்கே இருக்கிறது. முக்கியமான சங்கதி, நான்கு கடை தள்ளி ஒரு மோட்டார் ரிப்பேர் பட்டறை. நான் உள்ளேயே போய்விட்டேன். அங்கே இருந்தவர் உங்களைப் போலவே கால் விரலில் கம்பியை மாட்டிக்கொண்டு மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் இந்த வேலையில் புலி என்று அடித்துவிட்டேன். வரட்டும், பார்க்கலாம் என்றார். எப்படி என் சாமர்த்தியம்?

மூன்றாவதைப் பற்றி எழுதவே போவதில்லை. பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் வாலுவுக்குக் கல்யாண வயசு வந்துவிடும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். ஒத்தை அறைக்குக் கையெழுத்துப் போட்டால் நான் தனி ஆள் என்று பதிவாகிவிடும். ஒப்பந்தம் முடிகிற வரைக்கும், அதாவது இரண்டு வருஷத்துக்கு, உங்களைக் கூப்பிட அனுமதி கிடையாது. மாடி வீட்டை எடுத்தால் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும், அதற்கு உங்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும். பள்ளி திறந்து முதல் வாரம் முடிந்துவிட்டால் கதவு மூடிவிடும் என்கிறார் சாவிக்காரர். வருகிறோம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாலுவிடம் சொல்லுங்கள், சின்ன அறைக்கு என்ன நிறம் வேண்டும் என்று அம்மா கேட்டதாக.

உங்கள் பதிலுக்காகப் போனை மடியில் வைத்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி


புதன், பள்ளி விட்ட பிறகு

வாலுவின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. மன்னிக்கவும்.

நான் பக்கம் பக்கமாக எழுதினேன். நீங்களோ, ‘ஒத்தை ரூமே எடுத்துக்கோ, இங்க நாங்க பாத்துக்குறோம்’ என்று ஒரே வரி அனுப்பியிருக்கிறீர்கள். அதுவும் இரண்டு நாள் கழித்து. நாங்க என்றால் யார்? அந்த ‘நாங்க’வை விட்டு என்னை எப்போது வெளியே அனுப்பினீர்கள்? புறப்படுகிற அன்று விமான நிலைய வாசலில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தீர்களே, போய் வீடு பாரு, பின்னாலயே வர்றோம் என்று உங்கள் வாயால்தானே சொன்னீர்கள்?

போன் பண்ணினால் எடுப்பதில்லை. உங்கள் அக்கா எடுத்து, தம்பி வெளிய போயிருக்கான்மா என்கிறார். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் வெளியவே போயிருப்பான்? அண்ணி பாவம், அவருக்குப் பொய் சொல்ல வராது, சொல்லும்போது இருமுகிறார்.

ஒர்க்‌ஷாப்பை விட்டு வர மனசில்லையா? அதையாவது சொல்லுங்கள். பொண்டாட்டி பின்னால பெட்டி தூக்கிட்டுப் போறான் என்று எவனாவது டீக்கடையில் சொல்லிவிட்டானா? சொன்னவன் பெயரைச் சொல்லுங்கள், இங்கிருந்தே போன் போட்டு அவன் வம்சத்தையே விசாரிக்கிறேன். இல்லை, என் மேல் கோபமா? கோபம் என்றால் எதற்கு என்றாவது சொல்லக்கூடாதா? இருட்டறையில் கை வீசுகிற மாதிரி எதைத் தொட்டாலும் சுவராக இருக்கிறது எனக்கு.

ஒத்தை அறை, ஒத்தை அறை என்கிறீர்களே, அங்கே இருப்பவரைப் பற்றிச் சொல்கிறேன். கணக்கு டீச்சர் ஒருவர். வேறு தேசத்துக்காரர், என்னைவிட மூத்தவர். இரண்டு வருஷம் என்று வந்தவர், ஒப்பந்தத்தை நீட்டித்து நீட்டித்து அங்கேயே தங்கிவிட்டார். நேற்று எனக்குத் தேநீர் கொடுத்தார். அப்போது அவர் மகன் கூப்பிட்டான். விட்டுவிட்டு வரும்போது மழலை மாறாத பிள்ளையாம், இப்போது மீசை வைத்திருக்கிறான். அவர்கள் பாஷை எனக்குப் புரியவில்லை, ஆனால் அந்தப் பேச்சு புரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசினான், சீக்கிரமே வைத்துவிட்டான். அவர் போனை மேசையில் கவிழ்த்துவிட்டு, நல்ல பையன் என்றார். நான் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வாலு என்னிடம் மரியாதையாகப் பேசுகிற நாள் வந்தால் நான் உயிரோடு இருக்க மாட்டேன். அவள் கத்த வேண்டும், போம்மா என்று கதவைச் சாத்த வேண்டும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட வேண்டும், நான் முதுகில் ஒன்று வைக்க வேண்டும். இப்போதே போனுக்கு வரமாட்டேன் என்கிறாள். வந்தாலும் கேட்டதற்கு மட்டும் பதில். எட்டு வயசுக் குழந்தைக்கு இந்த அளந்த பேச்சை யார் கற்றுக்கொடுத்தது?

சாவிக்காரர் இன்றும் வந்து நின்றார். மாடி வீட்டை வேறொரு குடும்பம் கேட்கிறதாம். என் வீட்டுக்காரர் ஊரில் இல்லை, வந்ததும் எழுதித் தருவார் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அண்ணி மாதிரி நானும் இருமினேன்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை, தப்பும் தவறுமாகத்தான் வரும். நாளை மாலை மாடி வீட்டுச் சாவியை இரவல் வாங்கிக்கொண்டு அங்கே போய் நிற்கிறேன். அண்ணியிடம் சொல்லி வாலுவை வீடியோவில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். அவள் அந்த அறையைப் பார்க்கட்டும். பார்த்தால் மனசு மாறும், அவளுக்கும், உங்களுக்கும்.

பதில் வரும் என்றே நம்புகிற,
நான்


வெள்ளி, விடியற்காலை

என்னங்க,

மாடி வீட்டில் வாலுவின் அறையில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எழுந்து போக முடியவில்லை.

நேற்று மாலை அண்ணி வாலுவை உட்கார வைத்தார். நான் சிரித்துக்கொண்டே போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். இது உன் சன்னல், இது உன் அலமாரி, கட்டிலை இந்தப் பக்கம் போடலாமா அந்தப் பக்கமா என்று சந்தையில் விற்கிறவளைப் போலக் கத்தினேன். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னாள். உங்கள் இரண்டு பேரையும் முதுகில் சுமந்துகொண்டு என்னால் எங்கேயும் போய்ச் சேர முடியாது என்று.

அது என் வாக்கியம். உங்களுக்கும் நினைவிருக்கும். நான் கிளம்புவதற்கு முந்தைய வாரம், அவள் பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருக்க, சண்டையில் உங்களிடம் நான் சொன்னது. ஒரு பிழைகூட இல்லாமல் அப்படியே சொன்னாள், என் ஏற்ற இறக்கத்தோடு. என் வாத்தியார் புத்தியைப் பாருங்கள், முதலில் அந்தப் பிழையின்மையைத்தான் கவனித்தது. அப்புறம்தான் அது யாரைப் பற்றிய வாக்கியம் என்று உறைத்தது.

அவள் காதில் விழக்கூடாத பேச்சு என்றால் ஆங்கிலத்துக்கு மாறுவது நம் வீட்டு வழக்கம். ஆரம்பித்து வைத்த மகராசி நான்தான். காலையில் உட்கார வைத்து அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பேன், மாலையில் அவளுக்கு ஆங்கிலம் புரியாது என்று நம்பிக்கொண்டு உங்களோடு சண்டை போடுவேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வருகிற பாடம் என் பிள்ளைக்கு மட்டும் வராது என்று நினைத்த இப்படி ஒரு மடச்சி எங்காவது உண்டா?

பிறகு தமிழில் பேசினாள். நாங்க வந்தா உனக்குக் கஷ்டம்மா, அதான் அப்பாகிட்ட வரலைன்னு சொல்லிட்டேன் என்றாள். நானே குளிச்சுக்கறேன், நானே தலை பின்னிக்கறேன் என்று தலையைத் திருப்பிக் காட்டினாள். வகிடு ஆறு மாதிரி வளைந்து போகிறது. ஒரு பின்னல் தடியாக, ஒரு பின்னல் ஒல்லியாக. நல்லா இருக்காம்மா என்று கேட்டாள். நல்லா இருக்குடா தங்கம் என்றேன். உடனே நெட்வொர்க் இல்லை என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய வரியில் இருந்த ‘நாங்க’ அவளுடைய வார்த்தை என்று இப்போது தெரிகிறது. அவள் காரணத்தைச் சொல்லியும், என் மனசு உடையும் என்று நீங்கள் மறைத்தீர்களா? இல்லை, அவள் சொன்னது சரிதான் என்று உங்களுக்கும் பட்டதா?

இன்னொன்றும் விடிய விடிய யோசித்தேன். நம் சண்டைகளில் நீங்கள் ஒருமுறையாவது ஜெயித்ததுண்டா? உங்களுக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், கோபத்தில் பேச வராது. நான் வக்கீல் மாதிரி அடுக்குவேன். நீங்கள் வார்த்தை தேடி உத்தரத்தைப் பார்ப்பீர்கள், கடைசியில் ஓகே என்பீர்கள். நான் வேலைக்கு விண்ணப்பித்தபோது ஓகே. இங்கே வருவதற்கு ஓகே. நான் அதையெல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெட்டி கட்டினேன். இங்கே வந்தும் உங்களைக் கேட்காமலே உங்களுக்குப் பட்டறை பார்த்து வைத்திருக்கிறேன், எப்படி என் சாமர்த்தியம் என்று பெருமை வேறு.

இப்போது கேட்கிறேன். தமிழில் சண்டை போடுங்கள். போனில் வேண்டாம் என்றால் எழுதுங்கள், ஒரு நோட்டு முழுக்க எழுதுங்கள். ஒர்க்‌ஷாப்பில் பையன்களைத் திட்டுவீர்களே, அந்த வாயோடு திட்டுங்கள். நான் நடுவில் பேச மாட்டேன். வரமாட்டேன்டி, எனக்கு அங்க என்ன இருக்கு என்று சொன்னாலும் சரி. அப்படிச் சொன்னால் ஒப்பந்தமாவது ஒன்றாவது, தலைமை ஆசிரியை கையில் கொடுத்துவிட்டு அடுத்த விமானத்தில் ஏறிவிடுவேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, விட்டால் அழுவேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒத்தை அறைக்கு மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்.

சாவிக்காரர் மாலை பள்ளி விடுகிற வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே இப்போது பொழுது விடிந்திருக்காது. நீங்கள் எழுந்ததும் இதைப் பார்ப்பீர்கள். முதலில் எனக்குப் பதில் எழுத உட்கார வேண்டாம்.

வாலு எழுந்து சீப்பை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பாள். போய் அந்தச் சீப்பை வாங்குங்கள். வேண்டாம்ப்பா, நானே பண்ணிக்கறேன் என்பாள். விடாதீர்கள். உங்களுக்குப் பின்ன வராது என்று எனக்குத் தெரியும், வளைந்தால் வளையட்டும். அவளை மடியில் உட்கார வைத்துப் பின்னிவிடுங்கள், மெதுவாக, பள்ளிக்கு நேரமானாலும் பரவாயில்லை. யாராவது ஒருத்தர் இன்றைக்கு அவளுக்குத் தலை பின்னிவிடுங்கள்.

உங்கள் இரண்டு பேருக்காகவும் காத்திருக்கும்,
வாலுவின் அம்மா