கதவில் நான் எழுதிய வரி

என்னைப் 'புழு வாத்தியாரே' என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஏழுமலை மாமாவுக்கு,

நீங்கள் போய் ஏழு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உங்களுக்கு ஒரு வரி எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போதும் தைரியத்தில் எழுதவில்லை, பயத்தில்தான் எழுதுகிறேன். என்ன பயம் என்று சொல்வதற்கு முன்னால் ஊர் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எப்போதும் முதலில் அதைத்தான் கேட்பீர்கள்.

படவேட்டில் இப்போது தெருவுக்கு நாலு வீட்டிலாவது புழு வளர்க்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினால் மலையடிவாரம் வரைக்கும் மல்பெரிதான். உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் வரப்பு ஓரத்தில்கூடச் செடி நட்டிருக்கிறார்கள். இங்கே விளையும் கூட்டில் எடுத்த நூல் முள்ளிப்பட்டுத் தறிகளில் ஊடையாக, குறுக்கு இழையாக ஓடுகிறது. பெங்களூரிலிருந்து நூல் வரவில்லை என்று தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்த காலம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆரணிக் கடைகளில் அந்தச் சேலைகளை விரித்துப் போடும்போது நான் வெளியே நின்று பார்ப்பேன், உள்ளே போகமாட்டேன்.

நாம் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, மாமா. எனக்குத்தான் அதில் ஒரு வாய் சோறுகூட நிம்மதியாக இறங்குவதில்லை.

எழுபதுகளின் கடைசியில் எனக்குப் பட்டுப்புழு வளர்க்கச் சொல்லிக் கொடுக்கும் அரசாங்க வேலை கிடைத்தபோது, ஊர் ஊராகச் சைக்கிளில் அலைந்தேன். நெல் விளைகிற நிலத்தில் செடி நட்டுப் புழுவுக்குப் போடு என்றால் யார் கேட்பார்கள்? அக்கா வீடு ஒன்றுதான் எனக்கு ஏமாந்த வீடு. வருஷக்கணக்காகக் கூலிக்குப் போய் நீங்கள் வாங்கிய நிலம் அது. கிணற்றுப் பாய்ச்சலில் இருந்த அரை ஏக்கர் நெல்லை அழித்துவிட்டு எனக்காக மல்பெரி நட்டீர்கள். அதன் பிறகு சோற்றுக்கு அரிசி கடையிலிருந்து வந்தது.

"மனுசன் சோத்தப் புடுங்கி புழுவுக்குப் போடறான் பாரு என் மச்சான். இவனுக்குப் பொண்ணு குடுக்கப் போறவன் யாருன்னு தெரியல" என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கிண்டல் செய்தீர்கள். செடிக்குத் தண்ணீர் கட்டும்போது மட்டும் ஒரு மடையையும் விட்டதில்லை.

முதல் ஈட்டில், நாம் முதன்முதலாக வளர்த்த புழு என்ன ஆயிற்று என்று உங்களுக்கு நினைவிருக்கும். பக்கத்து நிலத்துக்காரர் வேர்க்கடலைக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு, அதே கையோடு வீட்டுக்குள் வந்து, ஆசையாகப் புழுவை எடுத்துப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு நாளில் புழுக்கள் தட்டுத் தட்டாகச் செத்துச் சரிந்தன. எருக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளினோம். அக்கா அழுதாள். நீங்கள் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு என்னிடம் சொன்னீர்கள்: "இன்னொரு வாட்டி பாக்கலாம் வாத்தியாரே. அதுவும் போச்சுன்னா செடியப் புடுங்கிட்டு நாத்து வுட்டுடுவேன். அப்ப என்மேல கோவிச்சிக்கக் கூடாது."

நீங்கள் செடியைப் பிடுங்கினால் அதோடு படவேட்டில் என் கதையும் முடிந்தது. அடுத்த ஈட்டுக்குப் புழுமுட்டை ஒட்டிய அட்டை கொண்டுவந்த அன்று, உங்கள் வீட்டுக் கதவில் சாக்பீஸால் பெரிய எழுத்தில் எழுதினேன். 'புழு கூடு கட்டும் வரை வெளி ஆள் யாரும் வரக் கூடாது, வீட்டார் வெளியே போகக் கூடாது.' முதியோர் கல்வி வகுப்பில் அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தீர்கள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தீர்கள். புகையிலை வாடை புழுவுக்கு ஆகாது என்று பொடிமட்டையைக்கூட வேலிக்கு வெளியே ஒரு டப்பாவில் வைத்துவிட்டீர்கள்.

இருந்த ஒரே அறையைப் புழுவுக்குக் கொடுத்துவிட்டு, வேப்பமரத்தடியில் அடுப்பு வைத்துப் பொங்கித் தின்றீர்கள். புழு தோலுரிக்கிற நாலு தூக்கமும் தாண்டி ஐந்தாம் பருவம் வந்தது. புழு ஒரு வாரம் ஓயாமல் தின்னுமே, அந்த வாரம். ஒரு வேளை இலை தவறினாலும் கூடு சப்பையாகிவிடும் என்று நான்தான் உங்கள் இருவரையும் மிரட்டி வைத்திருந்தேன்.

அந்த வாரத்தின் நடுவில் உங்களுக்கு வயிற்றுவலி வந்தது. அக்கா வேலிக்கு உள்ளே நின்றே வழியில் போன நர்சம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா பையோடு வேலி வாசலுக்கு வந்தார். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டே எழுந்துவந்து, கதவில் இருந்ததை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினீர்களாம். "நீ என்னத் தொட்டா அப்புறம் நான் தட்டத் தொட முடியாதும்மா" என்றீர்களாம். "வலப்பக்கம் வலி எறங்கிச்சின்னா ஒரு மணி நேரங்கூட இருக்காதீங்க, ஆரணிக்குப் போயிடுங்க" என்று அவர் வேலிக்கு வெளியிலிருந்தே சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் வந்தேன். நீங்கள் வேப்பமரத்தடியில் காலை மடக்கிப் படுத்திருந்தீர்கள். கைகால் கழுவிக்கொண்டு, உங்களைத் தாண்டித்தான் உள்ளே போனேன், மாமா. முதலில் புழுவைத்தான் பார்த்தேன். தட்டுத் தட்டாக, விரல் பருமனில், ஒரு நோய் இல்லை, ஒரு வாட்டம் இல்லை. எனக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது. அதன் பிறகுதான் வெளியே வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நர்சம்மா வலப்பக்கம்னு சொல்லிச்சி. இப்ப வலப்பக்கந்தான் வலிக்குது" என்றீர்கள். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். "இன்னா பண்ணலாம் வாத்தியாரே? நீ வந்த பஸ்ஸு இன்னும் நின்னுகினுதான் கீது. போயிட்டு வந்துடட்டுமா?"

நீங்கள் கேட்டீர்கள். என்னைத்தான் கேட்டீர்கள்.

"ரெண்டு நாள் பொறுத்துக்குங்க மாமா. புழு பழுத்து கூடு கட்ட வந்துடும். சந்திரிகையில வுட்டுட்டா நானே கூட்டிகினு போறேன்" என்றேன். அக்கா ஒருத்தியால் அந்த நேரத்தில் அத்தனை இலை அறுத்துப் போட முடியாது என்பது ஒரு காரணம். வந்த ஆள் போன ஆள் எல்லாம் தொட்ட உடம்போடு நீங்கள் திரும்பி வந்தால் என்ன ஆகுமோ என்பது இன்னொரு காரணம். கூட்டைப் பார்க்கப் பெரிய அதிகாரியை அழைத்திருந்தேன் என்பதையும் இன்று மறைக்கவில்லை. நீங்கள் "சரி, நீ படிச்சவன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். கோயில் முனையில் பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறினேன். என் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் நான் திரும்பி வந்தபோது புழு பழுத்திருந்தது. நீங்களும் எழுந்து உட்கார்ந்திருந்தீர்கள். "வலி போயே போச்சுடா" என்று நீங்களே எங்களோடு சேர்ந்து புழுவைப் பொறுக்கி, கூடு கட்டும் மூங்கில் தட்டியான சந்திரிகையில் விட்டீர்கள். குடல்வால் வெடித்துவிட்டால் அப்படித்தான் கொஞ்ச நேரம் வலி நிற்கும் என்று எனக்கு யார் சொல்லியிருந்தார்கள்? நாம் மூன்று பேரும் அன்று மத்தியானம் சிரித்துப் பேசிக்கொண்டே வேலை செய்தோம். அதற்காகவும் என்னை நான் மன்னிக்க முடியவில்லை.

சாயங்காலம் உடம்பு கொதித்தது, வயிறு பலகையாக இறுகியது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஆரணிக்குப் போனோம். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் எங்கய்யா இருந்தீங்க?" என்றார். வேலூருக்கு எழுதிக் கொடுத்தார். வழியிலேயே, கண்ணமங்கலம் தாண்டுவதற்குள், என் மடியில் உங்கள் தலை கனத்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். வெளியே பறை அடித்தார்கள், உள்ளே புழு கூடு கட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்தோம். கூடு பறிக்க வேண்டிய நாளும் அதுவே. நான் வாசலிலேயே நின்றேன். அக்காதான் சொன்னாள்: "பறிடா. அவரு அதுக்குத்தானே போனாரு." இரண்டு பேரும் உட்கார்ந்து பறித்தோம். மஞ்சள் மஞ்சளாக, கெட்டியாக, நான் அதுவரை பார்த்ததிலேயே நல்ல கூடு.

அதிகாரி வந்தார். கூட்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். பக்கத்தில் ஊரே நின்றது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "சொன்னாக் கேக்கல சார். ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். புழு முடியாம வரமாட்டேன்னுட்டாரு."

அவர் கண் கலங்கிவிட்டது. அடுத்த கூட்டத்தில் அதை மேடையில் சொன்னார். அதற்கடுத்த கூட்டத்தில் நான் சொன்னேன். புதிதாகச் செடி நடுகிறவர்களுக்கு, தன் உயிரைவிடப் புழுவைப் பெரிதாக நினைத்த ஏழுமலையின் கதையைச் சொல்லித்தான் முட்டை அட்டை கொடுத்தோம். என் பொய்யை உரமாகப் போட்டுத்தான் இந்தத் தொழில் இங்கே வளர்ந்தது. நீங்கள் மறுத்துப் பேச வரமாட்டீர்கள் என்ற துணிச்சல் எனக்கு.

இனி அந்தப் பயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் மலையடிவாரத்தில் முனியம்மா வீட்டுக்குப் போனேன். புதுசாக வளர்க்கிறவள். கதவில் அதே வரி, நான் எழுதிய மாதிரியே கொட்டை எழுத்தில். ஊரில் எல்லாக் கதவிலும் அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். உள்ளே மூலையில் அவளுடைய இரண்டு வயதுப் பெண் கண் சொருகிக் கிடந்தது. தொட்டால் நெருப்பாகச் சுட்டது, கழுத்து விறைத்திருந்தது.

"எத்தினி நாளாம்மா?" என்றேன்.

"மூணு நாளாச்சி சார். ரெண்டு நாள்ல பழுத்துடும், அப்புறம் தூக்கிகினு போயிடுவேன்" என்றாள். நான் பதறுவதைப் பார்த்துவிட்டு எனக்கே ஆறுதல் சொன்னாள்: "ஏழுமலை அண்ணன் உசுரயே குடுத்தாரு. எங்களுக்கு வெறும் சொரந்தானே சார்."

குழந்தையை வாரிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். "புழு, சார், புழு" என்று கத்திக்கொண்டே அவள் பின்னால் ஓடிவந்தாள். குழந்தை பிழைத்துவிட்டது. இனிக் காது கேட்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மூளைக்காய்ச்சலாம், இன்னும் இரண்டு நாள் முன்னால் வந்திருக்கலாம் என்றார்கள். கைதட்டினால் அது திரும்பாது. முனியம்மா எனக்கு நன்றி சொல்கிறாள், மாமா. அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அக்காவிடம் போனேன். அக்கா இன்னும் புழு வளர்க்கிறாள். அவளுடைய கதவில் மட்டும் அந்த வரி கிடையாது. நீங்கள் இறந்த அதே வாரத்தில் ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். ஏன் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. தட்டுகளை வெயிலில் சாய்த்துக்கொண்டிருந்தவள் முன்னால் போய் நின்று, அன்றைக்கு நீங்கள் என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அக்கா கையை நிறுத்தவில்லை. "தெரியும்டா" என்றாள். "அன்னிக்கு வேலியோரம் தட்டு கழுவிகினுதான் இருந்தேன். எல்லாம் காதுல வுழுந்துச்சி."

"அப்புறம் ஏன்க்கா ஒரு வார்த்தகூடக் கேக்கல? நான் ஊர்ல வேற மாதிரி சொல்லிகினு கீறேனே?"

கையிலிருந்த தட்டையும் வெயிலில் சாய்த்தாள். பிறகு சொன்னாள்: "நீ ரெண்டு நாளுன்னு சொன்னப்ப எனக்கும் நிம்மதியாத்தான்டா இருந்துச்சி. ஒண்டியா எல அறுக்க வேணாமேன்னு நெனச்சேன். உன்னக் கேட்டா நானும் அத்தச் சொல்லணுமே."

ஏழு வருஷமாக அவள் அதை மென்று விழுங்கியிருக்கிறாள். நான் வெளியே பொய் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் உள்ளே வாயை மூடிக்கொண்டிருந்தாள். நடுவில் நீங்கள் ஒருவர்தான் கேட்க வேண்டியதைக் கேட்டீர்கள். உங்களுக்கு அன்று என்ன தோன்றியிருக்கும்? மச்சான் சொன்னால் சரியாக இருக்கும் என்றா? பஸ் போகிற சத்தம் கேட்டிருக்குமே, அப்போது?

வெள்ளிக்கிழமை ரேணுகாம்பாள் கோயிலுக்குப் பக்கத்துச் சாவடியில் புதியவர்களுக்கு முட்டை அட்டை கொடுக்கிறோம். முனியம்மாவும் வருகிறாள், ஊரும் வரும். உங்கள் கதையைச் சொல்லச் சொல்லி என்னைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிறேன். வேலை போனாலும் போகட்டும். அக்காவும் என் பக்கத்தில் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகு ஈரத் துணியும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். பழைய வரியைத் துடைத்துவிட்டு வேறு எழுதுவேன். 'வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் புழுவை அப்படியே விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறு.' முதலில் தன் கதவில் எழுதச் சொல்கிறாள் அக்கா. நீங்கள் விரல் வைத்துப் படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதுவேன்.

படுத்துக் கிடக்கிற ஓர் உயிரைத் தாண்டி இனி எந்தத் தட்டையும் பார்க்கப் போகமாட்டேன். அப்படிக் கிடப்பவரை விட்டுவிட்டு, பக்கத்து இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு இனி அந்த ஊரிலிருந்து பஸ் ஏறமாட்டேன். இது சத்தியம், மாமா.

அன்று உங்களை விட்டுவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறிய,
உங்கள் மச்சினன்
தனபால்