சிவப்பு காணாமல் போன படம்

ஆகஸ்ட் 12, புதன்

துவாக்குடியிலிருந்து ஸ்ரீரங்கம் வந்து சாப்பிட்டும் ஆயிற்று. மனம் இன்னும் ஆய்வகத்திலேயே நிற்கிறது.

கொதிகலன் குழாயின் வெப்பத்தைப் படமாகக் காட்டும் மென்பொருளின் புதிய பதிப்பைக் காலையில் நிறுவினேன். பேராசிரியர் ரகு எழுதிவைத்த ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைத் தொகுப்பு, அதில் ஓடவில்லை. ஒரு கட்டளையின் பெயர் மாறியிருந்தது, திருத்தினேன். ஓடியது. ஆனால் அவருடைய ஆய்வு முழுவதும் நம்பியிருக்கும், குழாயில் அதிகச் சூடான இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளியைக் காணோம். பழைய பதிப்பு ஒவ்வொரு படத்துக்கும் நிற அளவுகோலைத் தானாக மாற்றி, சின்ன வித்தியாசத்தையும் சிவப்பாக்கியிருக்கிறது. புதிய பதிப்பில் எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுகோல்; அதில் பார்த்தால் குழாய் முழுக்க மஞ்சள்தான். ரகு சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பழைய வெர்ஷனையே போட்டுடுங்க மேடம். நாளைக்கு ரிவ்யூ."

"போட்டாலும் வித்தியாசம் ரொம்பச் சின்னதுன்னு அளவுகோல்ல இருக்கிற நம்பர் காட்டிக் குடுத்துடும் சார்."

"அப்ப நம்பரை எடுத்துடுங்க. உங்களத் தவிர அதையெல்லாம் யாரு படிக்கிறா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். கெட்டவர் இல்லை. ரிவ்யூவில் தோற்றால் ப்ராஜெக்ட் நின்றுவிடும். அதோடு என் வேலையும்.

பழைய பதிப்பைத் திரும்ப நிறுவினேன். சிவப்பு வந்துவிட்டது. எண்களை எடுக்கவில்லை. அவற்றின் எழுத்தளவை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினேன். நாளை ரிவ்யூவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் படிக்கலாம்.